ரெண்டாவது புகை

அது ரொம்ப வருசத்துக்கு முந்திப்பா. தார் ரோடு கிடையாது, பஸ்ஸு கிடையாது. நம்ம சடையம்பாறையில மொத்தமே இருபது கூரைதானாம். அந்த இருபது கூரையில ஒரு கூரைக்குள்ள ஆண்டிச்சின்னு ஒருத்தி இருந்தாளாம். புருசன் பேரு மொக்கையன். ரெண்டு பேருக்கும் செல்லின்னு ஒரு தவழுற பிள்ளை. அந்தச் செல்லிக்குப் பேரன்தான் இந்தா ஒங்க முன்னால உக்காந்து தொண்டை கிழியக் கத்திக்கிட்டு இருக்கேன். அதனால நடுவுல யாரும் பேசக்கூடாது.

அந்த வருசம் தை மாசம் பனின்னா பனி, அப்படியொரு பனியாம். உறைபனி. காலைல பாத்தா மலைமுதுகு பூரா உப்பைக் கொட்டுனாப்ல வெள்ளையாக் கெடக்குமாம். வெறுங்கால வச்சா பாதம் வெந்துருமாம்.

மொக்கையனுக்குக் காய்ச்சல். ஏழு நாளாச்சு, கஞ்சி எறங்கல, கண்ணு செருகுது. வைத்தியரு எங்க இருக்காரு? மலைமுதுகுக்கு அந்தப்பக்கம், கோம்பையூர்ல இருக்காரு. ஆம்பளைக பூராம் பூண்டு விக்கக் கீழ எறங்கிட்டாங்க. ஊர்ல இருந்தது பொம்பளைக, பிள்ளைக, கால் வெளங்காத ஒச்சுக் கிழவன் ஒருத்தரு.

"நான் போறேன்"னாளாம் ஆண்டிச்சி.

"எப்படிடி போவ? காலு வெந்துருமே. முதுகுக்கு நடுவுல உளைச்சேறு வேற இருக்கே"ன்னாளுகளாம் பொம்பளைக.

அவ என்ன செஞ்சா? வீட்ல இருந்த புடைக்கிற சொளகு ரெண்டை எடுத்தாளாம். ஒரு கால்ல ஒண்ணு, இன்னொரு கால்ல ஒண்ணு, அடியில வச்சு வைக்கப்பிரியில இறுக்கிக் கட்டுனாளாம். அகலமா இருக்குல்ல, பனியில கால் படாது, சேத்துலயும் பொதையாது. நாலடி நடந்து காட்டுனாளாம், தப்பு தப்புன்னு. பாத்தவளுகளுக்குச் சிரிப்பு தாங்கல. "வாத்து நடக்குதுடி"ன்னாளுகளாம். அவளும் சிரிச்சுக்கிட்டே பிள்ளையை அடுத்தவ இடுப்புல குடுத்துட்டு விடியுமுன்னே கெளம்பிட்டா.

சொளகு கட்டுன காலு வேகமா நடக்குமா? நடக்காது. உளை இறுகிக் கெடக்குறப்பவே தாண்டிறணும். வெயில் பட்டா இளகிரும். இளகுன உளையில எருமையே விழுந்து எந்திரிச்சதில்ல. ஆனா அவ பாதி முதுகு போறதுக்குள்ளயே பொழுது கெளம்பிருச்சாம்.

நம்ம ஊர்ல நின்னா அந்த முதுகு முழுசும் தெரியும். நடக்குற ஆளு எறும்பாட்டம் தெரியும். ஆனா கத்துனா கேக்காது. ஊரே கத்துச்சாம். "ஆண்டிச்சீ! திரும்பு! நாளைக்குப் போவோம், திரும்பு!" காத்து இந்தப்பக்கம் அடிக்குது, சத்தம் இவங்க மூஞ்சியிலயே வந்து விழுகுது. அவ நடக்குறா. ஓடிப்போய்ப் பிடிக்கலாம்னா, இவங்க ஏறுறதுக்குள்ள அவ உளையில எறங்கிருவா.

அப்ப ஊருக்கு இருந்தது ஒரே ஒரு சேதிதான். ஊர் நடுவுல இருக்குற பாறை மேல புகை போடுறது. வெளிய போனவங்க வீட்ல சாவுன்னா பச்சத் தழையைப் போட்டு ஒரு புகை. ரெண்டு சாவுன்னா ரெண்டு புகை. பாத்தவங்க திரும்பிருவாங்க. அதைத் தவிர வேற எதுக்கும் அங்க புகை போட்டதில்ல.

யாரு போடுவா? உசுரோட இருக்கறவனுக்கு எப்படிப் போடுறது?

மொக்கையன் தவந்து வெளிய வந்தானாம். "போடு பெரியப்பா. நான் செத்தேன்னே நெனச்சுக்கிட்டு வரட்டும். வந்து என்னையப் பாத்து நாலு வசவு வையட்டும்"னானாம்.

ஒச்சுக் கிழவன் போட்டாரு. புகை எந்திரிச்சுச்சு. அவ நின்னா. திரும்புனா. பாத்தா. எல்லாரும் "வா தாயி, வா தாயி"ங்கறாங்க. அவ வரல. அந்தப் பனியிலயே உக்காந்துட்டா.

உக்காந்தா, உக்காந்தபடியே இருக்கா. ஒரு நாழி ஆச்சு, ரெண்டு நாழி ஆச்சு. அந்தக் காத்துல ஆளு வெறைச்சிரும். புருசன் இங்க நின்னு "ஏய், நான் இருக்கேண்டி! இருக்கேன்!"னு நெஞ்சுல அடிச்சுக்கிறான். அவளுக்கு என்ன தெரியும்?

அவனுக்குப் பதட்டத்துல புத்தி மழுங்கிப் போச்சு. இன்னொரு புகை போட்டா, என்னமோ வேற சேதின்னு எந்திரிச்சு வருவான்னு நெனச்சான். "வேணாம்டா, ரெண்டு போட்டா..."ன்னு கிழவன் சொல்லி வாய் மூடல, அவனே தழையை அள்ளிப் போட்டுட்டான்.

புகை மேல போனப்புறந்தான் அவனுக்கு ஒறைச்சுச்சாம். ஐயோன்னு கையால அடிச்சான், மிதிச்சான். பச்சத்தழை அடிக்க அடிக்கக் கூடத்தான் புகையும். கையெல்லாம் வெந்துபோச்சு, புகை நிக்கல.

அவ எந்திரிச்சா. ரெண்டாவது புகை யாருக்குன்னு நெனைப்பா? வீட்ல மிச்சம் இருந்தது செல்லி மட்டுந்தானே. கால்ல கெடந்த சொளகைப் பிச்சு எறிஞ்சா. புருசனுக்கு உக்காந்தவ பிள்ளைக்கு ஓடுனா. வந்த வழியில ஓடல, வீட்டைப் பாத்து நேரா ஓடுனா. அது செங்குத்துச் சரிவு, பூராம் பனிப்புல்லு. ஊரே பாத்துக்கிட்டு நிக்குது. செல்லியும் ஒருத்தி இடுப்புல இருந்து பாத்துக்கிட்டு இருக்கு. ஒருத்தராலயும் ஒண்ணும் செய்ய முடியல.

சரிவுக்கு அடியில உசுரில்லாமக் கெடந்தவளைச் சாயந்தரந்தான் தூக்கிட்டு வந்தாங்களாம்.

மூணாம் நாளு மொக்கையனுக்குக் காய்ச்சல் விட்டுருச்சு. மருந்தும் இல்ல, மாயமும் இல்ல, சும்மா விட்டுருச்சு. அந்த மனுசன் அதுக்கப்புறம் முப்பது வருசம் இருந்தாராம்.

அவ உக்காந்த எடந்தான் உக்காந்தமேடு. அன்னைலேருந்து நம்ம ஊரு புகை போடுறதில்ல. சாவுன்னா ஆளு நடந்து போகணும், ரெண்டு கையையும் பிடிச்சுக்கணும், மொதல்ல உசுரோட இருக்கறவங்க பேரைத்தான் சொல்லணும். மொக்கையன் வச்ச சட்டம் அது. இப்ப ஆளாளுக்கு போனு இருக்கு, இருந்தாலும் சாவுச் சேதி அதுல வராது.

நான் வத்தலக்குண்டு பூண்டு மண்டியில இருந்தப்ப என் மச்சான் வீரணன் வந்தான். வந்து ரெண்டு கையையும் பிடிச்சான். "ஒன் மக இருக்கா. மருமகன் இருக்கான். பேத்தி இருக்கா. ஒன் தம்பி இருக்கான், அவன் பிள்ளைக ரெண்டும் இருக்கு"ன்னு ஒவ்வொரு பேராச் சொல்லிக்கிட்டே வந்தான். மாடு இருக்குன்னுகூடச் சொன்னான். எம் பொண்டாட்டி பேரை மட்டும் சொல்லல.