ஊசிக்கும் குரலுக்கும் நடுவே ஒரு பெட்டி

இசைத்தட்டு ரசிகர் மன்றத்து ஆண்டு விழாவுக்குத் தலைமை ஏற்று, என் தமிழையும் தாங்கிக்கொள்ளத் துணிந்து வீற்றிருக்கும் ஐயா ஹாலாஸ்யம் அவர்களே! முன்வரிசை முதியவர்களே! முந்தானையால் விசிறியபடி பின்வரிசையில் பொறுமை காக்கும் தாய்மார்களே! எட்டாம் வகுப்பில் இரண்டு முறை உட்கார்ந்தும் தேறாத மைக்செட் மொக்கையன் உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

"உயர்ந்த ரக ப்ரீ-ஆம்ப் தேர்வது எப்படி?" இது எனக்குத் தந்த தலைப்பு. தட்டிலிருந்து ஊசி எடுப்பது கொசுவின் குரல். அதைக் கெடுக்காமல் வளர்த்து ஆம்ப்ளிஃபயரிடம் ஒப்படைக்கும் சிறிய பெட்டிதான் ப்ரீ-ஆம்ப். எனக்குத் தெரிந்த விஞ்ஞானம் இத்துடன் முடிந்தது.

என்ன தம்பி? "சத்தமாப் பேசுங்கண்ணே"யா? முப்பது வருடம் சத்தத்தையே விற்றுச் சாப்பிட்டவனப்பா நான்! அந்தச் சத்தம் செய்ததைச் சொல்லத்தான் ஏறி நிற்கிறேன்.

என் ஒரே மகள் ஜெயக்கொடி. பதினேழு வயதில் பாட்டுப் போட்டியில் வென்றாள். பரிசாக அவள் பாட்டை ஒரு சின்ன இசைத்தட்டில் பதித்துக் கொடுத்தார்கள். ஒரே ஒரு தட்டு. நான் என்ன செய்தேன்? பெட்டியில் பூட்டினேனா? பட்டில் பொதிந்தேனா? வண்டியூர்க் கல்யாணம் அத்தனையிலும் குழாய் ஸ்பீக்கர் கட்டி அலறவிட்டேன்! ஊசி துள்ளினால் அதன் தலையில் நாலணாவை வைத்து அமுக்கினேன். எங்கள் தொழிலில் அதுதான் வைத்தியம்.

"அப்பா, தட்டு தேயுதுப்பா," என்றாள்.

"தேயட்டும் தாயி! தெப்பக்குளத்து அந்தக் கரைக்கே கேக்குதுல்ல? நீ இன்னொண்ணு பாடிக் குடுத்தாப் போச்சு."

அவள் இன்னொன்று பாடவில்லை. எண்பத்தொன்றில் மஞ்சள்காமாலை. பதினோரே நாள்.

அதன்பின் என் மனைவி ராக்கம்மாள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "அவ கொரல ஒரு தடவ ஒழுங்காக் கேக்கணும்." தட்டை வைத்தேன். தேய்ந்த தட்டின் இரைச்சல், அடைமழைபோல, அதுதான் கேட்டது.

இலேசான ஊசி உள்ள புது பிளேயர் வாங்கினேன். ப்ரீ-ஆம்ப் தேடினேன். பார்த்துப் பொறுக்க இரண்டு வந்தன. ஒன்று சிங்கப்பூரிலிருந்து வந்த வெள்ளிமுகப் பெட்டி, இரைச்சலை அமுக்கிவிடும். மற்றது, சிம்மக்கல் ரேடியோ மெக்கானிக் அழகுமலை கையால் செய்த தகரப்பெட்டி.

வெள்ளிமுகத்தில் மழை ஓய்ந்தது. போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல் மகள் பாடினாள். "இதான்யா பெட்டி!" என்று துள்ளினேன்.

"என்னோடதையும் போட்டுப் பாருங்கண்ணே," என்றான் அழகுமலை.

"ஒன் டப்பாவுல இடியும் மழையுமால்ல இருக்கும்?"

"இருக்கும்ணே. நீங்க தேச்சது அம்புட்டும் கேக்கும்."

கேட்டது, ஐயா! ஒவ்வொரு கல்யாணமும் கேட்டது. ஒவ்வொரு நாலணாவும் கேட்டது. தாங்காமல் நிறுத்தக் கை நீட்டினேன். ராக்கம்மாள் என் கையைப் பிடித்தாள்.

"இருங்க. மொதல்லருந்து வைங்க."

வைத்தேன். அந்த மழைக்குள்ளே, பாட்டுத் தொடங்கும் முன்னே, ஒரு மூச்சு. பாடப்போகிறவள் நெஞ்சு நிறைய இழுத்த மூச்சு. உரக்கப் பாடிய இடமெல்லாம் உருக்குலைந்துவிட, உரக்கப் பாடாத அந்த ஓரிடம் தப்பியிருந்தது.

"மூச்சு இழுக்குறா," என்றாள் ராக்கம்மாள்.

வெள்ளிமுகத்தில் மறுபடி வைத்தோம். இரைச்சல் இல்லை. மூச்சும் இல்லை.

பெரியோர்களே! என் குற்றத்தை மறைத்த பெட்டி என் மகளையும் மறைத்தது! இனிமை தருவதை வாங்கவா? உண்மை தருவதை வாங்கவா? கடைக்குப் போனால் புதுத் தட்டைக் கொண்டுபோகாதீர்கள். வீட்டிலேயே அதிகம் தேய்ந்த தட்டைக் கொண்டுபோங்கள். அதில் உள்ளது அத்தனையையும், காது கூசினாலும், கண் கலங்கினாலும், ஒளிக்காமல் ஒப்படைக்கும் பெட்டி எதுவோ, அதுதான் உயர்ந்த ரகம்!

தகரப்பெட்டிதான் எங்கள் வீட்டில் இருக்கிறது. அவள் பிறந்த நாளில் மட்டும், ஒரே ஒரு முறை வைக்கிறோம். அந்த மூச்சு முடிந்ததும், பாட்டுத் தொடங்குமுன் ஊசியை எடுத்துவிடுகிறேன். இனியும் தேய்க்க மனமில்லை.

இவ்வளவு நேரம் காது கொடுத்த உங்களுக்கு நன்றி. பாடும் பிள்ளை உள்ளவர்கள் சீக்கிரம் வீடு போய்ச் சேருங்கள். வணக்கம்.