கேல் தேர்ந்தெடுத்த சின்னத் துப்பாக்கி

உங்கள் போலீஸ் ஸ்டேஷன் காபி அப்படியொன்றும் மோசமில்லை, தம்பி. கொஞ்சம் தண்ணீராக இருக்கிறது, அவ்வளவுதான்.

நான் வெர்னா ஹோடெக். இந்த நெப்ராஸ்காச் சோளக்காட்டு ஊரில் நாற்பத்தோரு வருடம் கேலுக்கு மனைவியாக இருந்தேன். சனிக்கிழமையிலிருந்து விதவை.

சுட்டுப்போட்ட தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து, கழுவி, புது வெடிமருந்தும் ஈயக் குண்டும் வைத்து மறுபடி தோட்டாவாக்குவார் கேல். கராஜில் காருக்கு இடமில்லை. கடையில் விற்கும் தோட்டாவை, அடுத்தவன் பல்துலக்கும் பிரஷைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்.

போன வருடம் சர்ச்சுக்கும் மளிகைக்கடைக்கும் இடுப்பில் செருகிக்கொண்டு போக அவருக்கு ஒரு சின்னக் கைத்துப்பாக்கி வேண்டியிருந்தது. எங்கள் ஊரில் கடைசியாக நடந்த குற்றம், யாரோ பூசணிக்காய் திருடியது. இருந்தாலும் ஏழு மாதம் தேடினார். மற்றவர்கள் உயிரைக் காப்பாற்றும் துப்பாக்கியைத் தேடுவார்கள். கேல் பித்தளையைக் காப்பாற்றும் துப்பாக்கியைத் தேடினார். ஒன்று கூட்டை வீங்கவைத்தது. ஒன்று கூட்டின் வாயை நசுக்கியது. இன்னொன்று புல்லுக்குள் எங்கேயோ வீசியெறிந்தது.

"ஏங்க, ஒருத்தன் உங்களைச் சுட வந்தா, நீங்க குனிஞ்சு கூடு பொறுக்கிட்டா இருப்பீங்க?" என்று கேட்டேன்.

"உனக்கு என்னடி தெரியும்? போய் அடுப்பைப் பாரு, கொலாச்சி பன் கருகுது."

கடைசியில் உள்ளங்கை அகலத்தில் ஒன்று வாங்கினார். கூட்டை இரண்டடி தள்ளி, பூப்போல ஒரே இடத்தில் போட்டது. தோட்டாக்களை அடுக்கிச் செருகும் அதன் மேகசின் ஸ்பிரிங்தான் ரொம்ப விறைப்பு. மூட்டுவாதம் பிடித்த அவர் கட்டைவிரலுக்கு அது அசையவில்லை. தோட்டா போட்டுக் கொடுக்கும் வேலை என்னிடம் வந்தது.

கராஜில் ஒரு சட்டம் இருந்தது. அவர் மருந்து அளக்கும்போது யாரும் வாய் திறக்கக்கூடாது. என் தங்கை செத்துப்போன செய்தியை அப்படியொரு நேரத்தில் சொல்லிவிட்டேன். எண்ணிக்கை விட்டுப்போயிற்று என்று பதினோரு நாள் என்னோடு பேசவில்லை.

போன புதன்கிழமை காலையில் கொலாச்சித் தட்டோடு கராஜில் போய் நின்றேன். வரிசையில் மூன்றாவது கூட்டில் மருந்தைக் கொட்டியிருந்தார். அவர் சிநேகிதர் மெர்வின் போன் செய்தார். சட்டம் மெர்வினுக்குக் கிடையாது. இருபது நிமிடம் சிரித்துப் பேசிவிட்டு, ஏற்கெனவே கொட்டியதை மறந்து, அதே கூட்டில் இன்னொரு அளவு கொட்டினார். நான் வாயைத் திறந்தேன். திரும்பிப் பார்க்காமலே விரலை உயர்த்தினார். மூடிக்கொண்டேன்.

மதியச் சாப்பாட்டில் அவரே கேட்டார். "காலைல என்னமோ சொல்ல வந்தியே?"

"இன்னொரு கப் காபி வேணுமான்னு கேக்க வந்தேன்."

"இதுக்குத்தானா? நல்லவேளை, வாயை மூடின."

சனிக்கிழமை, வயலுக்குப் பின்னால் இருக்கும் மண்மேட்டுக்குப் போனோம். "இந்தா, ஆறு போட்டுக் குடு" என்று பெட்டியை நீட்டினார். கேல் ஒழுங்கான மனிதர். செய்த வரிசை மாறாமல் தோட்டாக்களை அடுக்கி வைத்திருந்தார்.

முதல் குண்டிலேயே துப்பாக்கி கையில் வெடித்துச் சிதறியது. ஒரு துண்டு இரும்பு கழுத்தில் இறங்கிவிட்டது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துபோயிற்று. அவர் அளந்த மருந்து, அவர் போட்ட சட்டம். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. நாற்பத்தோரு வருடத்தில் என்னிடம் அவருக்குப் பிடித்ததும் அது ஒன்றுதான்.

மூன்றாவது தோட்டா எப்படி முதல் குண்டாகப் போனது என்று கேட்கிறீர்கள். மேகசினில் கடைசியாகப் போடுவதுதான் முதலில் சுடும், தம்பி. அதைத் தனியாக எடுத்து வைத்திருந்து கடைசியில் போட்டேன். நடப்பது எப்படியும் நடக்கத்தான் போகிறது. துப்பாக்கிச் சத்தம் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை, அதை எதற்காக மூன்று நான்கு தடவை கேட்க வேண்டும்?