அறுபத்தொரு கட்டைகளும் நகத்தளவு செல்லோ டேப்பும்

“இந்த டெஸ்ட்டுக்கு ரெண்டு பேரு வேணுமா சார்?”

“கட்டாயம் வேணும். நீங்க அமுக்கணும், நான் பாக்கணும்.”

“போன தடவ அந்த பேண்டு செட்காரரோட கீபோர்ட நீங்க மட்டுந்தானே பாத்தீங்க?”

“அது ஆம்பள வாசிக்கிற கீபோர்டுங்க. அது வேற.”

மதிப்பிற்குரிய சபைச் செயலாளர் ராஜாமணி ஐயா, கடலூரில் உங்கள் சபைப் பாடகர் குழுவுக்குக் கீபோர்டு வாசிக்கும் ஜான்சிக்கும், சிதம்பரம் மேலவீதியில் சர்வீஸ் கடை வைத்திருக்கும் அருள்முருகனாகிய எனக்கும் ஜனவரி மாதம் நடந்த பேச்சு இது. இதில் நான் சொன்னது எதுவும் உண்மை இல்லை.

இரண்டு பட்டன்களை அமுக்கியபடி சுவிட்சைப் போட்டால் கருவி சோதனை நிலைக்குப் போகும். இடமிருந்து வலமாக அறுபத்தொரு கட்டைகளையும் அமுக்க வேண்டும். நல்ல கட்டை என்றால் அதன் எண் திரையில் வரும். ஒரே ஆள் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடலாம். நாங்கள் இரண்டரை மணி நேரம் எடுத்துக்கொண்டோம். மெதுவாக ஒரு முறை, பலமாக ஒரு முறை, மின்விசிறியை நிறுத்திவிட்டு ஒரு முறை. கடைசியது என் கண்டுபிடிப்பு.

முதல் வாரம் ஒரு கட்டைக்கு அடியில் தூசி இருந்தது. துடைத்தேன், சரியாகிவிட்டது. சரியான கருவியை யாரும் திரும்பக் கொண்டுவருவதில்லை என்பதை அப்போதுதான் யோசித்தேன். கட்டைக்கு அடியில் இருக்கும் ரப்பரின் கரிப்பொட்டு பலகையில் பட்டால்தான் சத்தம் வரும். நடுவில் நகத்தளவு செல்லோ டேப் ஒட்டினால் வராது. ஸ்க்ரூ சரிபார்ப்பதாகச் சொல்லி உள்ளறைக்கு எடுத்துப் போய் ஒட்டினேன். அடுத்த சனிக்கிழமை அதைப் பிரித்துவிட்டு வேறொன்றில் ஒட்டினேன். பதினொரு சனிக்கிழமைகள். ஜான்சி அவ்வளவு பெரிய பையை மடியில் நிறுத்திக்கொண்டு பஸ்ஸில் வந்தார். குருத்தோலை ஞாயிறுக்கு முந்தைய நாள் மட்டும், யாரும் தொடாத இடது கோடிக் கட்டையில் ஒட்டினேன். இரக்கம் எனக்கும் உண்டு.

உங்கள் ஆலயத்தில் நடந்த அனுப்பிரியா திருமணத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஒரு சுரத்துக்கு ஓர் அடி என்று உள்ளே நடந்து வர மணப்பெண் ஒத்திகை பார்த்திருந்தாராம். அன்று நடுக்கட்டை ஊமை. அந்தச் சுரம் வரும்போதெல்லாம் பெண் தூக்கிய காலோடு நின்றிருக்கிறார். ஏழாவது முறை நின்றபோது, பெண்ணுக்கு மனசு மாறிவிட்டது என்று மாப்பிள்ளை அழுதுவிட்டாராம். சேர்ந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு நிம்மதி அடைந்தேன்.

பழுதுக்குக் காரணம் எழுதித் தர வேண்டும் என்று உங்கள் கமிட்டி கேட்டபோது, “வாசிப்பவரின் விரல் அழுத்தம் ஜாஸ்தி” என்று எழுதினேன். தொழில்நுட்பமாகத் தெரிந்தது. பதினொரு முறையும் அதையே எழுதினேன்.

இன்று சனிக்கிழமை. நாளை ஈஸ்டர். ஜான்சி வந்ததும் கட்டைகளைச் சுடுகிற தோசைக்கல்லைத் தொடுவதுபோல நுனிவிரலால் தொட்டார். ஏன் என்று கேட்டேன்.

“என் கை கனமாம் சார். ஒங்க ரிப்போர்ட்டத்தான் கமிட்டில சத்தமா வாசிச்சாங்க. நாளைலேருந்து பாலகுமார் வாசிக்கிறான். எட்டாவதுலேருந்து நான் ஒக்காந்த எடம். கடைசியா ஒரு தடவ சரி பண்ணி குடுத்துடுங்க, அவன் கையில ஒப்படைக்கணும்.”

கருவியைத் திருப்பி, அவர் கண்ணெதிரிலேயே ஸ்க்ரூக்களைக் கழற்றினேன். டேப்பைப் பிரித்து மேசையில் வைத்தேன். பிறகு நான் ஒருவனே சோதனையை நடத்தினேன். நாலரை நிமிடம். அறுபத்தொன்றும் நன்று.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். டேப்பைப் பார்த்தார்.

“அப்ப ஃபேன ஏன்யா நிறுத்துன? பங்குனி வெயில்ல வெந்து செத்தேனே!”

அதுவரை சார் என்றுதான் அழைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு பேப்பரையும் பேனாவையும் என் முன் தள்ளினார். “எழுது. ஒண்ணு விடாம எழுது.”

எழுதிவிட்டேன் ஐயா. அவர் கையில் குறையில்லை. நாளைக் காலை அந்த இடத்தில் அவரே உட்கார வேண்டும். நான் செய்தது தவறு. ஆனாலும் கருவிக்கு வாராவாரம் நல்ல பராமரிப்பு கிடைத்தது என்பதையும் கமிட்டி கணக்கில் கொள்ளலாம்.

இதுவரை எழுதியதை வாங்கிப் படித்துப் பார்த்த ஜான்சி, கடைசி வரியில் விரலை வைத்தார். “பராமரிப்பாம். எதுக்குப் பண்ணேன்னு எங்க எழுதியிருக்க?”

அதை எழுத வரவில்லை. பேனாவைச் சற்றுக் கீழே வைத்துவிட்டு, முதல் சனிக்கிழமையே கேட்டிருக்க வேண்டியதை வாயால் கேட்டேன்.

“எதுத்த கடையில ஒரு டீ குடிச்சிட்டுப் போறீங்களா?”