விடைக்குழுவின் ஏழு தொப்பிகள்

இணையவழி வானியல் கல்வி நிலையத்தின் விடைக்குழுவில் பத்தொன்பது ஆண்டுகள் அரும்பணி ஆற்றி, இன்று பணிநிறைவு பெறும் மாடி சார் அவர்களுக்கு, அதே கட்டடத்தில் ஊதியம் வாங்கியோர் ஒன்றுகூடி வாசித்தளிக்கும் பாராட்டு மடல்

கோள்களின் போக்கைக் குழந்தைக்கும் புரியக் கூறியவரே! விண்மீன்களின் வயதை விரல்விட்டு எண்ணிய வித்தகரே! கேட்டவர் எவராயினும், கேள்வி எதுவாயினும், முகம் சுளிக்காது முழுவிடை தந்த மூத்தவரே, வணக்கம்.

இப்படி இன்னும் ஒன்பது வரிகள் எழுதி வைத்திருந்தோம். எழுதியவர் எங்கள் படத்தொகுப்பாளர். அடுக்குமொழியில் அவர் புலி. ஆனால் இரண்டு வாரங்களுக்கு முன் ஒன்று நடந்தது. அதற்குப் பிறகு அந்த வரிகளை உங்கள் முகத்தைப் பார்த்து வாசிக்க எங்களுக்கு நா எழவில்லை. அவற்றை எடுத்துவிட்டு நடந்ததைச் சொல்கிறோம், பொறுத்தருள வேண்டும்.

ஐயா, உங்களைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். நம் கட்டடத்தின் தரைத்தளத்தில் படப்பிடிப்பு அறை, முதல் தளத்தில் பாடம் எழுதுவோர், அதற்கும் மேலே தகரக்கூரை போட்ட ஒற்றை அறை. அங்கே நீங்கள். காலை ஒன்பதேகாலுக்குச் சாப்பாட்டுப் பையோடு ஏறுவீர்கள், மாலை ஆறு மணிக்கு வெறும் பையோடு இறங்குவீர்கள். நாங்கள் தயாரிக்கும் பாடங்களில் சனிக்கோளின் வளையம் சுழலும், விண்மீன் வெடித்துச் சிதறும். கைபேசியிலும் கணினியிலும் அதைப் பார்த்தவர்கள் கேட்கும் கேள்விகளெல்லாம் உங்கள் அறைக்கு வரும். ஒரு நாளுக்குள் பதில் போக வேண்டும், பதிலின் கீழே ‘வானியல் விடைக்குழு’ என்று கையொப்பம் இருக்க வேண்டும் என்பது நிலையத்தின் விதி. தொடக்கத்தில் ஏழு பேரை அமர்த்துவதாகத் திட்டம். முதலில் நீங்கள் வந்தீர்கள். மற்ற ஆறு பேர் வரவேயில்லை. விதி மட்டும் அப்படியே இருந்தது.

இம்மாதத் தொடக்கத்தில் மேலாளர் உங்களை அழைத்தார். உங்கள் ஓய்வோடு விடைக்குழுவை மூடிவிட்டு, இயந்திரமே பதில் அனுப்பும் ஏற்பாடு வருகிறது என்றார். அதற்குப் பின் நீங்கள் கேட்டதும் மேலாளர் சொன்னதும், கதவருகே நின்ற வரவேற்பாளர் காதில் விழுந்தவரை, இவ்வளவுதான்.

“அப்ப, கேக்குறவங்களுக்கு யாரு சார் பதில் சொல்லுவாங்க?”

“தானா வந்துடும் சார். நீங்க நிம்மதியா வீட்ல இருங்க.”

‘சரி’ என்று சொல்லிவிட்டு மாடி ஏறினீர்கள். அன்று வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் பிந்தித்தான் இறங்கினீர்கள். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை.

பழைய பதில்களை இயந்திரத்துக்குள் ஏற்றும் வேலை கணினிப் பராமரிப்பாளர் தலையில் விழுந்தது. முப்பத்தோராயிரம் பதில்கள். ஒரு மதியம் திறந்தவர் மறுநாள் எங்கள் அறைக்கு வந்து, “கையில இருக்கிறதைப் போட்டுட்டு வாங்க, இதைப் படிங்க” என்றார். போனோம். படித்தோம்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு பேருந்து ஓட்டுநர், மாலையில் தம் வீட்டுக்கு மேற்கே பளிச்சென்று தெரிவது எந்தக் கோள் என்று கேட்டிருக்கிறார். வெள்ளி என்று பதில் போயிருக்கிறது. ‘மூணு மாசமா அது அந்த இடத்தை விட்டு நகரவே இல்லையே சார், மழையிலயும் தெரியுது’ என்று மறுபடி எழுதியிருக்கிறார். பார்த்தால், அது தெருக்கோடியில் புதிதாக நட்ட கைபேசிக் கோபுரத்தின் விளக்கு. உடனே நீங்கள் எழுதினீர்கள்: ‘வருந்துகிறோம். எங்கள் குழுவில் ஒருவர் அவசரப்பட்டுவிட்டார். அவரை அழைத்துக் கண்டித்துவிட்டோம்.’ அதற்கு ஓட்டுநர், ‘பாவம் சார் அவரு, திட்டாதீங்க. தெரியாமத்தானே சொன்னாரு. ஆமா, அங்க மொத்தம் எத்தனை பேர் இருக்கீங்க?’ என்று கேட்டார். ‘ஏழு பேர்’ என்று பதில் போயிருந்தது. நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்து ஓய்ந்த பிறகு, ‘ஏழு பேர்’ என்ற அந்த வரியை மறுபடி படித்தோம்.

பதில்கள் பாடத்தின் கீழே எல்லோரும் பார்க்க வெளியாகும் அல்லவா, அந்தப் பதிலை வேறொருவரும் படித்திருக்கிறார். பின்னலாடை ஆலையில் வேலை செய்யும் ஒரு பெண்மணி, உணவு இடைவேளையில் நம் பாடங்களைப் பார்ப்பவர். நாமெல்லாம் ஏதோ மலையுச்சியில் தொலைநோக்கியோடு உட்கார்ந்திருப்பதாக அவர் நினைப்பு. ‘அங்க ரொம்பக் குளிருமே’ என்று ஏழு கம்பளித் தொப்பிகள் பின்னி அனுப்பியிருக்கிறார். நண்பகலில் கொதிக்கும் அந்தத் தகரக்கூரையின் கீழ் நீங்கள் ஒன்றைத் தலையில் மாட்டிப் பார்த்துவிட்டுத்தான், ‘கச்சிதமாக இருக்கிறது, எல்லோரும் மகிழ்ந்தோம்’ என்று எழுதியிருக்க வேண்டும். பொய் சொல்ல உங்களுக்கு அவ்வளவாக வராது.

மீதி ஆறு தொப்பிகளை நாங்கள் பார்த்திருக்கிறோம். கால் உடைந்த நாற்காலிகளை உங்கள் அறையில் கொண்டுபோய்ப் போடுவது எங்கள் வழக்கம். அவற்றை நீங்கள் சுவரோரம் வரிசையாகச் சாய்த்து, ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு தொப்பி மாட்டியிருந்தீர்கள். “மாடி சார் நாற்காலிக்கெல்லாம் தொப்பி போட்டு வெச்சிருக்காரு. தனியா இருந்து இருந்து ஒரு மாதிரி ஆயிட்டாரு” என்று கீழே வந்து பேசிக்கொண்டோம். பேசியவர்கள்தான் கீழே கையொப்பமிட்டிருக்கிறோம்.

இன்னொரு பதிலையும் சொல்லியாக வேண்டும். பதினொரு ஆண்டுகளுக்கு முன் உங்கள் துணைவியார் காலமானார். அந்த வாரத்திலும் ஒரு கேள்விகூட நாள் தவறவில்லை. இரண்டு விண்மீன் மண்டலங்கள் மோதினால் உள்ளே இருக்கும் விண்மீன்கள் நொறுங்கிவிடுமா என்று ஒரு தையற்காரர் அந்த வாரத்தில்தான் கேட்டிருக்கிறார். நீங்கள் எழுதினீர்கள்: ‘அநேகமாக ஒன்றும் ஆகாது. அவற்றுக்கு இடையே உள்ள வெளி அவ்வளவு பெரியது. ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, ஒன்றையொன்று தொடாமலே கடந்துபோய்விடும்.’ நம் மாடிப்படி இருவர் ஒதுங்கி நடக்க முடியாத அளவு குறுகலானது. அதில் பத்தொன்பது ஆண்டுகள் உங்களுக்கு எதிரே ஏறி இறங்கியவர்கள் நாங்கள். அந்த வாரம் எங்களில் ஒருவரும் மேலே வந்து உங்கள் எதிரே உட்காரவில்லை. இதை நினைத்தால் எங்களுக்கு அவமானமாக இருக்கிறது.

கடைசியாக, அனுப்பப்படாத கடிதம் ஒன்று கிடைத்தது. மேலாளரைப் பார்த்துவிட்டு நீங்கள் பிந்தி இறங்கிய அந்த மாலையில் எழுதியது. மாணவர்கள் அனைவருக்குமான கடிதம். ‘எங்கள் குழுவில் ஒருவர் இம்மாதம் ஓய்வு பெறுகிறார். மற்ற ஆறு பேரும் உங்களோடு இருப்பார்கள். எப்போதும்போலக் கேளுங்கள்.’ எழுதிவிட்டு அனுப்பாமல் வைத்திருக்கிறீர்கள். ஏன் அனுப்பவில்லை என்று எங்களுக்குப் புரிந்தது.

நாங்கள் ஆறு பேர் மேலாளரிடம் போனோம். எங்கள் வேலை போக, மாலையில் ஒரு மணி நேரம் மாடியில் உட்காருகிறோம் என்றோம். “உங்களுக்கு வானியல் தெரியுமா?” என்று கேட்டார். பாடங்களை நூல்களைப் பார்த்து எழுதியிருக்கிறோம், படம்பிடித்திருக்கிறோமே ஒழிய ஒன்றையும் மனத்தில் வாங்கியதில்லை என்ற உண்மையைச் சொன்னோம். முதல் பாடத்திலிருந்து மாணவர்களாகப் பதிவு செய்துகொண்டதையும் காட்டினோம். ஓராண்டு பார்க்கலாம் என்றார். நாற்காலிகளுக்குக் கால் பொருத்திவிட்டோம். தொப்பி எல்லோருக்கும் சரியாக இருக்கிறது, ஒலிப்பதிவாளருக்கு மட்டும் சற்று இறுக்கம்.

இன்று காலை பத்து மணிக்கு உங்கள் கடிதத்தை அனுப்பினோம். ஒரு சொல்லும் மாற்றவில்லை. மாற்ற வேண்டிய தேவை இருக்கவில்லை.

ஆறு பேர் வந்துவிட்டோம், ஆனால் நீங்கள் இல்லாத அறைக்கு வந்திருக்கிறோம். பத்தொன்பது ஆண்டுப் பிந்தலுக்கு எந்த மடலும் ஈடாகாது. நோயின்றி, நொடியின்றி, நூறாண்டு கடந்தும் நலமோடு நீங்கள் வாழ வேண்டும். நாளை முதல் நீங்கள் இருக்கப்போகும் வீட்டில் பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை என்பதும் எங்களுக்குத் தெரியும். ஆகவே ஒரு விண்ணப்பம். ஏதாவது கேள்வி தோன்றினால் விடைக்குழுவுக்கு எழுதுங்கள். உங்களுக்கு விடை தெரிந்த கேள்வியாக இருந்தாலும் சரி. ஒரு நாளுக்குள் பதில் வரும். பதில் தப்பாக இருந்தால் அதையும் எழுதுங்கள். குழுவில் ஒருவரை அழைத்துக் கண்டித்துவிடுகிறோம்.

இங்ஙனம்,
உங்கள் நாற்காலிகளில் அமர்ந்திருக்கும்
படத்தொகுப்பாளர், ஒலிப்பதிவாளர், வரவேற்பாளர், கணினிப் பராமரிப்பாளர், பாடம் எழுதுவோர் இருவர்
வானியல் விடைக்குழு