நோட்டில் உள்ளபடி

இந்த அறையின் தரைக்கல்லைப் பதித்தவன் அவசரக்காரன், ஐயா. உங்கள் நாற்காலி ஆடுவதற்கு நாற்காலியைக் குறை சொல்லிப் பயனில்லை. அடியில் மணலை இறுக்காமல் கல்லை வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறான். முப்பத்தொரு வருடமாக நடைபாதைக் கல் பதிக்கிறவன் நான். எங்கே போய் உட்கார்ந்தாலும் என் கண் முதலில் காலுக்குக் கீழேதான் போகும்.

நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டேன். நீங்களும் மறுக்காமல் தாளும் பேனாவும் தந்தீர்கள். அதற்கு நன்றி. நான் எழுத்துக் கற்றது ஐம்பத்து மூன்று வயதில். மெதுவாகத்தான் வரும். ஆனால் எழுதினால் உள்ளதைத்தான் எழுதுவேன். நடந்தது முழுக்கவும் அந்தப் பழக்கத்தால் வந்ததுதான்.

எங்கள் தெரு முனையில் ஒரு சுகாதார நிலையம் இருக்கிறது. இரண்டு அறை, ஒரு பெஞ்சு, எடை பார்க்கும் மெஷின் ஒன்று, ஒரு நர்சம்மா. டாக்டர் செவ்வாய்க்கிழமை மட்டும் வருவார், அதுவும் வந்தால் உண்டு. என் அக்காவுக்கு வலது காலில் ஆறாத புண். சர்க்கரை வியாதி. காலில் உணர்ச்சி செத்துப்போயிருந்தது. ஆணி ஏறினாலும் தெரியாது. ஒன்றுவிட்டு ஒருநாள் கட்டு மாற்ற வேண்டும். எங்கள் வாசலிலிருந்து நிலையத்துக்கு அவள் நடையில் இருநூற்றுப் பத்து அடி. நான் பக்கத்தில் நடந்து எண்ணியிருக்கிறேன். பெரிய ஆஸ்பத்திரி என்றால் இரண்டு பஸ் மாறி, இறங்கியதும் ஒரு மேடு ஏற வேண்டும். அப்பா அம்மா போனபின் என்னை இடுப்பில் வைத்து வளர்த்தவள் அவள். அவள் ஒற்றைக் காலை இழுத்துக்கொண்டு பஸ் ஏறுவதை நினைத்துப் பார்க்கவே எனக்கு முடியாது.

போன வருடம் நிலையத்தின் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். வாரத்துக்கு அறுபது பேருக்குக் குறைவாக வந்தால் நிலையத்தை மூடிவிடுவார்களாம். எங்களுக்கு வந்தது முப்பத்தைந்து, மிஞ்சினால் முப்பத்தாறு. எங்கள் தெருக்காரர்கள் நல்ல திடகாத்திரமானவர்கள். அதுவே எங்களுக்கு எமனாக வந்து நின்றது.

தையல்காரம்மா கடையில் தெரு கூடிக் குழு அமைத்தோம். அவர்தான் தலைவி. முதல் வேலை மனு. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். நான் கட்டைவிரலை நீட்டினேன்.

"கைநாட்டு வேணாம்ணே" என்றார் தையல்காரம்மா. "கைநாட்டைப் பார்த்தா ஆபீஸ்ல அடியில சொருகிடுவாங்க. உக்காருங்க, நான் சொல்லித் தரேன்."

துணி வெட்டும் மேசையில், அளவு போடும் சாக்கட்டியால், நான்கு மாதம் சொல்லிக் கொடுத்தார். முதல் மனு குப்பைக்குப் போய் இரண்டாவது மனு எழுதும்போது எனக்கு முழு வரியே எழுத வந்துவிட்டது. எனக்கு ஆறு பிள்ளைகள் என்று சேர்த்தேன்.

"உங்களுக்குக் கல்யாணமே ஆகலையேண்ணே?"

"ஆபீசர் கொஞ்சம் இரக்கப்படுவாருல்ல."

அவர் அந்த வரியை அடித்தார். "எழுத்துல பொய் வரக் கூடாதுண்ணே. வாயால சொன்னது காத்தோட போயிடும். எழுதினது நாம செத்த பிறகும் அங்கேயே நின்னு பேசும்."

அதுவரை என்னிடம் யாரும் அப்படி ஒரு பெரிய விஷயத்தைச் சொன்னதில்லை. கல்லைத் தூக்கு, கல்லை இறக்கு, இவ்வளவுதான் சொல்வார்கள். அன்றிலிருந்து சோப்பு உறையைக்கூட முழுக்கப் படித்த பிறகுதான் கிழிப்பேன்.

மனுவுக்குப் பதிலே வரவில்லை. அப்போது அதே தையல்காரம்மா, அதே மேசையில் கையை ஊன்றிக்கொண்டு, இப்படிச் சொன்னார்: "நல்லா இருக்கிறவங்க எல்லாரும் வாரத்துக்கு ஒரு தரம் போய் ஏதாவது ஒரு நோவு சொல்லிட்டு வாங்க. நர்சம்மா நோட்டுல எழுதிக்குவாங்க. அறுபது என்ன, எழுபதே தேறும்."

"எனக்கு என்ன நோவுன்னு போடறது?" என்றார் சலூன்காரர்.

"உங்க வாய்க்கு மருந்து இருக்கான்னு கேளுங்க" என்றார் கடிகாரம் பழுது பார்க்கிறவர். கடை அதிரச் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. மறுநாள் எல்லோரும் போனார்கள். தையல்காரம்மா முகத்துக்காக நானும் ஒரே ஒரு தடவை போய் வந்தேன். அதை விடுங்கள்.

அந்த வாரம் அக்காவைக் கூட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது நோட்டு திறந்தே கிடந்தது. கண்ணில் பட்டதைப் படிக்காமல் இருக்க எனக்குத் தெரியாது. சலூன்காரர் பெயருக்கு நேரே, 'இடது கணுக்கால் சுளுக்கு' என்று இருந்தது. அந்த மனிதர் அரைமணி நேரம் முன்புதான் ஸ்டூல் மேல் ஏறி நின்று பாட்டுப் பாடிக்கொண்டே தன் கடைப் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் கண்ணெதிரில் நீல மையில் ஒரு பொய். நாங்கள் செத்த பிறகும் அது அங்கேயே நின்று பேசும்.

எழுதியதை அடிக்க எனக்கு உரிமை இல்லை. அடித்தால் ஓர் ஆள் குறையும், நிலையம் போகும், அக்காவும் போவாள். ஆகவே ஒரே வழிதான் இருந்தது. எழுதியதை உண்மையாக்குவது.

சலூன் வாசல் கல் நான் பதித்ததுதான். மறுநாள் காலை வேலைக்குப் போகிற வழியில் கரண்டியால் ஓர் ஓரத்து மணலை எடுத்தேன், ஒரு கைப்பிடி இருக்கும். பத்து மணிக்கு அவர் கடை திறக்க வந்து விழுந்தார். சரியாக இடது கணுக்கால். வலது என்று எழுதியிருந்தால் மறுபக்கத்து மணலை எடுத்திருப்பேன். நானே தாங்கிப் பிடித்து நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். சாயங்காலம் கல்லைச் சரியாக இறுக்கிவிட்டேன். தெருவில் ஆடுகிற கல்லை விட்டுவைப்பது என் வழக்கமில்லை.

எல்லாவற்றையும் ஒருவனால் செய்துவிட முடியாது, ஐயா. பகலெல்லாம் கல் சுமந்த உடம்பு. தலைவலிகளை விட்டுவிட்டேன். தலைவலி நிஜமா பொய்யா என்று யாருக்குத் தெரியும். வெளியே தெரிகிறதை மட்டும் எடுத்துக்கொண்டேன். ரொட்டிக்கடைக்காரர் 'வயிற்றுப்போக்கு' என்று சொல்லியிருந்தார். அவருடைய டீயில் விளக்கெண்ணெய் விட்டேன். தையல்காரம்மா 'விரலில் ஊசி ஏறியது' என்று எழுதச் சொல்லியிருந்தார். அவர் எனக்கு எழுத்தறிவித்தவர். அவர் பெயருக்கு நேரே ஒரு பொய் நிற்பதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. தையல் மெஷினின் ஒரு திருகாணியை லேசாகத் தளர்த்தினேன். ஊசி நகத்தில் இறங்கி அடிப்பக்கம் வந்தது. அவர் கத்தவில்லை, நல்ல மன உறுதி.

அடுத்த மாதம் ஆபீசிலிருந்து ஒருவர் சோதனைக்கு வந்தார். பொய்க்கணக்கு என்று யாரோ சொல்லியிருப்பார்கள் போல. நோட்டில் விரலை வைத்து, 'இவரைக் கூப்பிடுங்கள், அவரைக் கூப்பிடுங்கள்' என்றார். சலூன்காரர் நொண்டிக்கொண்டு வந்தார். தையல்காரம்மா கட்டுப்போட்ட விரலைக் காட்டினார். ரொட்டிக்கடைக்காரர் வரவில்லை, ஏன் வர முடியவில்லை என்று அவர் மனைவி வந்து விளக்கினார். ஆபீஸ்காரர் நோட்டை மூடினார்.

"நான் நாப்பது நிலையம் பார்த்திருக்கேன்மா. இவ்வளவு நேர்மையான நோட்டைப் பார்த்ததில்லை."

நிலையத்துக்கு இன்னும் ஒரு வருடம் கிடைத்தது. தெருவே கைதட்டியது. நான் பின்னால் சுவரோடு நின்றிருந்தேன். எனக்கு மாலை எதுவும் வேண்டியிருக்கவில்லை.

தேதியைக் கவனித்தது நர்சம்மா மட்டும்தான். முதல் நாள் எழுதுகிறார், மறுநாள் நடக்கிறது. "நான் எழுதினா நடக்குது. என் கையைப் பார்த்தா எனக்கே பயமா இருக்கு" என்று அக்காவிடம் சொல்லி அழுதாராம். இது எப்படியோ தெருவுக்குப் பரவிவிட்டது. அதன்பின் நிலையத்தில் நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொருவரும் பேரம் பேச ஆரம்பித்தார்கள்.

"எனக்குத் தும்மல்னு போடுங்க நர்சம்மா. ஒரு தும்மல் போதும்."

"எனக்குக் கொட்டாவி."

"கொட்டாவிக்கெல்லாம் நோட்டுல இடம் இல்லைங்க."

"அப்ப அவருக்குப் போட்ட தும்மல்ல பாதி எனக்குப் போடுங்க."

எனக்கும் வேலை குறைந்தது. மிளகாய்ப்பொடி ஒரு பொட்டலம் ஒரு மாதத்துக்கு வந்தது. கடிகாரக்காரர் மட்டும் இதையெல்லாம் நம்பவில்லை. பிடிவாதக்காரர். நர்சம்மா எதிரில் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டு நின்றாராம். "நெஞ்சு படபடப்புன்னு எழுதும்மா. என்னதான் ஆகுதுன்னு ஒரு கை பார்த்துடுவோம்."

அவர் பல் சக்கரங்களைப் பரப்பி வைத்து, கண்ணில் லென்ஸ் மாட்டிக் குனிந்திருந்த நேரம் பார்த்து, அவர் முதுகுக்குப் பின்னால் ஓர் இரும்புத் தகட்டைக் கீழே போட்டேன். படபடப்பு வந்தது. அது நின்றதும் எல்லாமே நின்றுவிட்டது. நோட்டில் படபடப்பு என்றுதான் இருந்தது. அதற்கு மேல் நடந்தது என் வேலையில் சேராது. கடையிலிருந்த மற்ற கடிகாரங்களெல்லாம் ஓடிக்கொண்டே இருந்தன. தகட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அடக்கத்துக்குப் போய்த் தோள் கொடுத்தேன். நர்சம்மா அந்த வாரத்திலிருந்து பேனாவை விட்டுவிட்டுப் பென்சிலால் எழுதினார். வேண்டுமானால் அழித்துக்கொள்ளலாம் என்று நினைத்தார் போலிருக்கிறது.

கடைசி விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் முதலில் கேட்டதும் இதைத்தான்.

அக்கா சாயங்காலத்தில் வெந்நீர்த் தொட்டியில் கால் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். கட்டு ஈரமாகாதபடி வலது காலை மட்டும் ஒரு முக்காலியில் தூக்கி வைத்திருப்பாள். ஒருநாள் பார்த்தால் இரண்டு காலும் தண்ணீரில் இருந்தன.

"கட்டு எங்கேக்கா?"

"கட்டா? புண்ணு ஆறி மூணு மாசம் ஆச்சுடா." காலைத் தூக்கிக் காட்டினாள். பிள்ளைக் கால் மாதிரி இருந்தது. "சத்தம் போடாதே. நர்சம்மாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். ஒப்புக்கு ஒரு துணியைச் சுத்திவிடுவாங்க. நான் போகலேன்னா வாரத்துக்கு மூணு வரவு குறையுமே. நீ இந்த நிலையத்துக்காக நாயா அலையறே. என்னால முடிஞ்சது இதுதான்."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். மறுநாள் நோட்டைப் பார்த்தேன். மூன்று மாதம். ஒன்றுவிட்டு ஒருநாள். 'வலது கால் புண், கட்டு மாற்றப்பட்டது.' 'வலது கால் புண், கட்டு மாற்றப்பட்டது.' நாற்பத்தைந்து வரி. தெருவில் யார் பெயருக்கு நேரேயும் அத்தனை பொய் கிடையாது. மற்றவர்களுக்கு ஒரு நியாயம், என் அக்காவுக்கு ஒரு நியாயம் என்று நான் நடந்துகொண்டால் எனக்கு என்ன யோக்கியதை?

ஈரச் சிமெண்ட் தோலைத் தின்னும். எங்கள் வேலையில் எல்லோருக்கும் தெரியும். பூட்ஸுக்குள் போனால் உடனே கழுவ வேண்டும். கழுவாவிட்டால் முதலில் அரிக்கும், அப்புறம் எரியும். அக்காவுக்கு அரிக்கவும் இல்லை, எரியவும் இல்லை. தொட்டியில் நான் கரைத்தது இரண்டு கரண்டிதான். 'தண்ணி ஏன்டா கலங்கலா இருக்கு' என்றாள். கால் வலிக்கு நல்ல மருந்து என்றேன். வாயால் சொன்னது, காற்றோடு போயிற்று. இடது காலை நானே தூக்கி முக்காலியில் வைத்தேன். இடது காலைப் பற்றி நோட்டில் ஒன்றும் இல்லை. அக்கா அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் என்னைத் தூக்கிக்கொண்டு நடந்த கதை. நான் எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் கட்டை அவிழ்த்த நர்சம்மா, அக்காவின் நகத்தடியில் இருந்த சாம்பல் நிறத்தைப் பார்த்தார். பிறகு என் நகங்களைப் பார்த்தார். அவர்தான் உங்களுக்குப் போன் செய்தது. அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

இந்தப் புண் நிலையத்தில் பார்க்கிற அளவில் இல்லையாம். அக்காவைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். போய்ப் பார்க்க வேண்டுமென்றால் இரண்டு பஸ். அதை நினைத்தால்தான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அவளுக்குப் பதிலாக அந்த மூன்று வரவுக்கு யார் போகிறார்கள் என்றும் தெரியவில்லை.

இதெல்லாம் நான் செய்தது. ஒன்றையும் மறைக்கவில்லை. நோட்டு இப்போது சுத்தம். எந்த ஆபீசர் வந்து எந்த வரியில் விரல் வைத்தாலும் அது உண்மையாகத்தான் இருக்கும் என்று நேற்று உங்களிடம் சொன்னேன். நீங்கள் அந்த முதல் வாரத்துப் பக்கத்துக்குத் திருப்பி என் பெயரில் விரலை வைத்தீர்கள். 'இடது கைக் கட்டைவிரல் கல்லில் நசுங்கியது.' பிறகு கையை நீட்டச் சொன்னீர்கள். நீட்டினேன்.

ஆமாம், ஐயா, சொன்னது நான்தான். நர்சம்மா எழுதும்போது பக்கத்திலேயே நின்றிருந்தேன். ஆனால் கல் வேலைக்காரனுக்குக் கட்டைவிரல் இல்லாமல் ஒரு நாள்கூட ஓடாது. எத்தனையோ தடவை அந்தப் பக்கத்தைப் புரட்டியிருக்கிறேன். அந்த ஒரு வரி மட்டும் நர்சம்மாவின் கைத்தவறாக இருக்கும் என்று ஒவ்வொரு தடவையும் தாண்டிப் படித்துவிட்டேன்.