மூன்று குதிரைத்திறனும் மருதப்பன் அண்ணன் மேசையும்

ஒரு குதிரைத்திறன் மோட்டாரில் குறை ஒன்றும் இல்லை. வாக்குமூலத்தில் அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், சார். புக்கிட் மேராவில் இருக்கும் என் பட்டறையில் சாமி மாடங்கள் செய்கிறேன். வீவக அடுக்குமாடி வீட்டுச் சுவரில் மாட்டுகிற அளவு. எல்லாம் மெல்லிய தேக்குப் பலகை. என் பேண்ட்சா, அதாவது இரண்டு சக்கரங்களைச் சுற்றிப் பட்டை வாள் ஓடும் ரம்பம், அந்தச் சின்ன மோட்டாரோடு வெகுகாலம் ஒழுங்காகத்தான் ஓடியது.

ஒரு நாள் பழைய கதவு நிலை ஒன்றை அறுத்தபோது வாள் பாதியில் நின்றுவிட்டது. இயந்திரம் பழுது பார்க்கும் அர்ஃபான் வந்து பார்த்தார்.

"மோட்டார் ஓகே லா, அங்கிள். பிளேடுதான் மழுங்கிப் போச்சு. அத மாத்துங்க, போதும்."

பிளேடு விற்பவரும் அவர்தான் என்பதால் நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மூன்று குதிரைத்திறன் மோட்டாராகவே போடச் சொன்னேன். கப்பி, பெல்ட் எல்லாம் மாற வேண்டியிருந்தது. சாதாரண பிளக் தாங்காது என்று தனி வயர் இழுக்க வேண்டியிருந்தது. கடைசியில் முணுமுணுத்துக்கொண்டே புது பிளேடையும் மாட்டினார். அதற்குப் பிறகு வாள் எங்கேயும் நிற்கவில்லை. மோட்டார் என்றால் அதுதான் மோட்டார்.

என் மனைவி சிவகாமசுந்தரி வந்து பார்த்தாள். "இவ்ளோ பெரிய மோட்டார வச்சு என்னத்த அறுக்கப் போறீங்க? சாமி மாடத்தையா?"

நியாயமான கேள்வி. அதுதான் என்னை அரித்தது. அன்றிலிருந்து எங்கே போனாலும் மரத்தின் கனம்தான் கண்ணில் பட்டது. கோயிலுக்குப் போனால் சாமியைப் பார்க்கும் முன் கதவைப் பார்த்தேன். நான் பக்தி உள்ளவன், சார். பார்த்ததோடு நிறுத்திக்கொண்டேன்.

இனி மேசை விஷயம். கிளமெண்டியில் இருக்கும் மருதப்பன் அண்ணன் என் சகலை. சிவகாமசுந்தரியின் அக்கா கணவர். அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசை தூங்குமூஞ்சி மரத்தில் ஒரே பலகை, நாலு அங்குல கனம். யார் வந்தாலும், "தட்டிப் பாருங்க" என்பார். தட்டியே ஆக வேண்டும். தலைப்பக்கம் அவர் உட்காருவார். தீபாவளி விருந்தில் எனக்கு எப்போதும் கடைசிப் பக்கம், மேசைக்கால் முட்டியில் இடிக்கும் இடம். நாற்காலி பற்றாது என்று ஒரு பிளாஸ்டிக் முக்காலி. "தம்பி நம்ம ஆளுதானே, அட்ஜஸ்ட் பண்ணிக்குவாரு" என்பார். நானும் வருடா வருடம் பண்ணிக்கொண்டேன். இதற்கும் இந்தப் புகாருக்கும் சம்பந்தமில்லை. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

இந்தத் தீபாவளிக்கு முன் மேசைக்கு மெருகேற்றித் தரச் சொல்லி அனுப்பிவைத்தார். "பத்திரம் தம்பி, அது என் புள்ள மாதிரி" என்று போனிலும் சொன்னார். ஆட்கள் கால்களைக் கழற்றி அதைத் தூக்கி வந்து ரம்பத்துக்குப் பக்கத்தில் உருளைத் தாங்கிகள் மேல் வைத்துவிட்டுப் போனார்கள். நான் உட்காரும் கடைசிப் பக்கம் வாளைப் பார்த்தபடி இருந்தது.

மெருகேற்றும் எண்ணம்தான் எனக்கு. ஆனால் நாலு அங்குல மரம் பக்கத்திலேயே கிடக்கும்போது மோட்டாரைச் சோதித்துப் பார்க்காமல் விடுவது பொறுப்பான வேலைக்காரனுக்கு அழகில்லை. ஓரத்தில் ஒரே ஒரு துண்டு. வாழைத்தண்டை நறுக்குவது போல இறங்கியது. ஒரு பக்கம் மட்டும் குறைந்தால் மேசை பார்க்க நன்றாக இருக்காது என்று இன்னொன்று எடுத்தேன். மதியச் சாப்பாட்டுக்குள் மேசை தீர்ந்துவிட்டது. மோட்டாரைத் தொட்டுப் பார்த்தேன். சூடாகக்கூட இல்லை.

துண்டுகளை இழைத்துக் காய் நறுக்கும் பலகைகளாக்கி, தீபாவளிப் பரிசாக உறவினர் எல்லோருக்கும் கொடுத்தேன். மேசையில் வார்னிஷ் இன்னும் காயவில்லை என்று அண்ணனிடம் சொன்னேன். மழைக்காலம், நம்பினார். தீபாவளி அன்றைக்கு விருந்து தரையில் வாழையிலை போட்டு நடந்தது. முதல் தடவையாக அவருக்குப் பக்கத்தில், அவர் உட்கார்ந்த அதே உயரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, சார். ரசம் இரண்டு தடவை வாங்கிக்கொண்டேன்.

சாப்பிட்ட பிறகு அண்ணன் தன் பலகையை எடுத்துத் தட்டிப் பார்த்தார்.

"நல்ல மரம் தம்பி. என் மேச மாதிரியே இருக்கு லா."

பிறகு அதைத் திருப்பினார். பின்பக்கத்தில் ஒரு வெள்ளை வட்டம் இருந்தது. அவருடைய காப்பிக் குவளை தினமும் ஒரே இடத்தில் இருந்து பதிந்த வட்டம். மற்ற எல்லாத் துண்டுகளையும் இரண்டு பக்கமும் இழைத்த நான் அதை மட்டும் அப்படியே விட்டிருந்தேன். அவருடையது அவரிடம் போய்ச் சேருவதுதானே முறை.

அவர் அந்த வட்டத்தின் மேல் விரலை ஓட்டினார். "அப்ப நான் எங்க உக்கார்றது, தம்பி?" என்று மட்டும் கேட்டார். அப்போது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. முக்காலி இருக்கிறது என்று சொன்னேன்.

ஆமாம், அறுத்தது நான்தான். பொறாமை என்று சிவகாமசுந்தரி உங்களிடம் சொன்னாளாம். அவளுக்கு இயந்திரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. இது முழுக்க முழுக்க மோட்டார் சம்பந்தப்பட்டது. கடைசிப் பக்கம் வாளுக்கு நேராக இருந்தும் முதல் வெட்டு அண்ணனின் தலைப்பக்கத்தில் எப்படி விழுந்தது என்று கேட்கிறீர்கள். அதற்கும் காரணம் இருக்கிறது. பக்கத்துப் பட்டறை ஆட்களைக் கெஞ்சிக் கூப்பிட்டு, அவ்வளவு கனமான மேசையை முழுசாகத் திருப்பி வைத்தேன். மரத்தில் வெளிச்சம் சரியாகப் படட்டும் என்றுதான்.