குலவை போடக்கூடாத மாசம்

வண்ணார்பேட்டையில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் என் முன்சீட்டில் உட்கார்ந்தார்கள்.

"காப்பி குடிச்சா மூக்கு வழியா வருது மதினி," என்றாள் இளையவள். "மேல் கடவாப்பல்லைப் புடுங்குன எடத்துல மூக்கு வரைக்கும் ஓட்டையாம். நாளைக்குச் சதையை இழுத்து மூடித் தைக்காவ."

"தச்சா சரியாயிரும்லா?"

"ஆயிரும். ஆனா ஒரு மாசம் மூக்கு சிந்தக்கூடாது, குலவை போடக்கூடாதுங்காவ."

"அடுத்த வாரம் அம்மன் கோயில் கொடைலா! ஒன் குலவை கேட்டாத்தானட்டி சாமியே வரும்?"

"நீங்க போடுங்க மதினி."

"எனக்கு எங்கட்டி வருது? கோழி கத்துன மாதிரி இருக்கும்."

"இப்பம் போட்டுப் பாருங்க."

பஸ் ஆற்றுப்பாலத்தில் பைய ஊர்ந்தது. கீழே தண்ணீர் வெயிலில் தூங்குவதுபோல் கிடந்தது. மதினி முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு மெல்லக் குலவை போட்டாள். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. இளையவள் கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டாள்.

"இன்னும் கொஞ்சம் இழுங்க மதினி. சாமி பாதி வழி வந்துட்டு."